வானத்து எல்லையை நகர்த்திய வில்லியம் ஹெர்ஷல்

பினாங்குத் தீவின் தலைநகரை ஜார்ஜ் டவுன் என்று அழைக்கிறோம். அங்குள்ள சூலியா தெருவில் கடை நடத்தியவர்களும், கொள்முதலுக்காக ஒரு முறையேனும் சென்று வந்தவர்களும் நம் வாசகர்களில் அநேகர். 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரான்சிஸ் லைட் என்பவர் அத்தீவில் கொடியேற்றிய காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். அவர் பெயரே அந்த ஊருக்கு இடப்பட்டது. நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து பாய்க்கப்பலேறி வந்த நம் முன்னோர் அவ்வூரின் ஆதி வணிகரில் ஒரு சாரார் என்பதும் நாம் அறிந்ததே.

ஆனால், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, அதே மன்னரின் பெயரை வானத்திலுள்ள ஓர் உலகத்துக்கு ஒருவர் இட்டார் என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. ஊருக்கு இட்ட பெயர் நிலைத்தது. உலகத்துக்கு இட்ட பெயர் நிலைக்கவில்லை. எனினும், அவ்வுலகத்தைக் கண்டவரின் பெயர் நிலைத்துவிட்டது. அவரே வில்லியம் ஹெர்ஷல்.

அவர் பிறப்பால் செல்வரும் அல்லர். கல்லூரியில் வானசாஸ்திரம் பயின்றவரும் அல்லர். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்து, பகலெல்லாம் கூலிக்கு உழைத்து, இரவைத் தமது முதலாக வைத்துப் பெரும் லாபம் கண்டவர். அந்த வகையில் அவர் நமக்கு அந்நியர் அல்லர். இன்னொன்றும் உண்டு. கூட்டு வியாபாரத்தில் பெயர்ப்பலகையில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கும். பேரேட்டைத் திறந்தால் இருவர் உழைப்பும் தெரியும். ஹெர்ஷலின் வரலாறும் அத்தகையதே. அவருடைய தங்கை கரோலின் அம்மையாரின் பங்கைச் சேர்க்காமல் எழுதினால் கணக்கு நேராகாது. ஆகவே, இருவரையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

கடல் கடந்து வந்த இளைஞர்

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் 1738ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் தேதி பிறந்தார். தந்தையார் ஐசக், பட்டாளத்து வாத்தியக்காரர். மகனும் சிறு வயதிலேயே அந்த வாத்தியக் குழுவில் சேர்ந்தார். 1757இல் பிரெஞ்சுப் படைகள் ஹானோவரைப் பிடித்துக்கொள்ளவே, மகன் உயிரோடிருந்தால் போதும் என்று கருதிய தந்தையார் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார். வந்திறங்கியபோது அவருக்கு வயது பத்தொன்பது. கையில் பணமில்லை. சங்கீதச் சுவடிகளைப் பிரதியெடுத்துக் கொடுத்தும், ஊர் ஊராகச் சென்று பாடம் சொல்லியும் வயிறு வளர்த்தார். பின்னர், 1766இல் பாத் என்னும் நகரில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாத்தியம் வாசிக்கும் உத்தியோகம் கிடைத்தது. செல்வர்கள் ஓய்வுக்கு வந்து தங்கும் ஊர் அது. அங்கே கச்சேரிகளும், வாரத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட பாடங்களுமாக அவர் தொழில் நன்கு நடந்தது.

அவருக்குப் பதினோரு வயது இளையவர் தங்கை கரோலின். பத்து வயதில் கண்ட கடுங்காய்ச்சலால் அவர் வளர்ச்சி குன்றியது. நாலேகால் அடிக்குமேல் வளரவில்லை. இவளுக்குத் திருமணம் ஆகப்போவதில்லை என்று எண்ணிய தாயார், அவரை வீட்டு வேலைக்காரியைப் போலவே வைத்திருந்தார். 1772இல் வில்லியம் ஊருக்குச் சென்று, தங்கைக்குப் பதிலாக ஒரு வேலைக்காரியை அமர்த்திக்கொள்வதற்கு ஆண்டுதோறும் பணம் தருவதாகத் தாயாரிடம் ஏற்பாடு செய்துவிட்டு, தங்கையைப் பாத் நகருக்கு அழைத்து வந்தார். அவருக்குச் சங்கீதமும், ஆங்கிலமும், வரவுசெலவுக் கணக்கும் கற்பித்தார். கரோலின் நல்ல பாடகியாகிக் கச்சேரிகளில் பாடத் தொடங்கினார். அந்த நிலையிலேதான் தமையனாருக்கு வானத்தின்மேல் மோகம் பிறந்தது.

அக்காலத்து வானம்

ஹெர்ஷல் செய்த காரியத்தின் பெருமையை அறிய வேண்டுமானால், அதற்கு முன் வானக் கணக்கு எவ்வாறு இருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

சூரியனைச் சுற்றி வரும் கிரகங்களில் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்தும் வெறுங்கண்ணுக்கே தெரிபவை. ஆதிகாலந்தொட்டு எல்லா நாட்டு மக்களும் இவற்றை அறிந்திருந்தனர். நாம் வாழும் பூமியும் ஒரு கிரகமே என்பது தெளிந்தபின் கணக்கு ஆறாயிற்று. சூரியனிலிருந்து பூமி சுமார் 9 கோடி 30 லட்சம் மைல் தொலைவில் இருக்கிறது. கடைசியாகிய சனி சுமார் 88 கோடி மைலுக்கு அப்பால் உள்ளது. பூமி ஓராண்டில் சூரியனைச் சுற்றி வருகிறது. வியாழன் சற்றேறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளிலும், சனி இருபத்தொன்பதரை ஆண்டுகளிலும் சுற்றி வருகின்றன. தொலைவு கூடக் கூடச் சுற்றும் காலமும் கூடுகிறது. சனிக்கு அப்பால் கிரகம் ஏதும் இல்லை என்பதே உலகத்தாரின் எண்ணம். சனியே எல்லைக்கல்.

சந்திரன்களின் கணக்கோ பத்து. நம் பூமிக்கு ஒன்று, வியாழனுக்கு நான்கு, சனிக்கு ஐந்து. வியாழனின் நான்கையும் 1610இல் இத்தாலிய அறிஞர் கலிலியோ தொலைநோக்கியால் கண்டார். சனியின் பெரிய சந்திரனை 1655இல் ஹைகன்ஸும், மற்ற நான்கை 1671 முதல் 1684க்குள் காசினியும் கண்டனர். அதன்பின் சுமார் நூறு ஆண்டுகளாக அந்தக் கணக்கில் புதிய வரவு ஒன்றும் இல்லை.

சொந்தக் கையால் செய்த கருவி

1773ஆம் ஆண்டு மே மாதம் ஹெர்ஷல் ஒரு வானசாஸ்திரப் புத்தகம் வாங்கினார். படித்ததைக் கண்ணால் காண விரும்பினார். பெரிய தொலைநோக்கியின் விலையோ அவர் சக்திக்கு மீறியது. எனவே, கண்ணாடி தீட்டும் வேலையைக் கைவிட்டுவிட்ட ஒருவரிடமிருந்து பழைய கருவிகளை மொத்தமாக விலைக்கு வாங்கித் தாமே தொலைநோக்கி செய்யத் துணிந்தார்.

அவர் செய்த தொலைநோக்கியில் ஒளியைச் சேர்ப்பது உலோக ஆடி. செம்பும், மலாயாவில் நாம் நன்கறிந்த வெள்ளீயமும் கலந்து உருக்கி வார்த்து, அதைக் குழிவாகத் தேய்த்து மெருகிடவேண்டும். மெருகிடும்போது இடையில் கையை எடுத்தால் ஆடியின் வடிவம் கெட்டுவிடும். ஒரு முறை பதினாறு மணி நேரம் கையெடுக்காமலே தீட்டினார். பசியால் சோர்ந்துவிடாதபடி தங்கை ஆகாரத்தைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டினார். வேலை சலிக்காதிருக்க ஆயிரத்தோர் இரவுகள் முதலிய கதைகளைப் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டினார். வார்ப்பு அச்சுக்குக் குதிரைச் சாணம் வேண்டும். அதை உரலில் இடித்துச் சலித்துக் கொடுத்ததும் அவரே. கச்சேரி மேடையில் பாடிப் புகழ்பெற வேண்டிய ஒரு பெண், தன் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாணம் சலித்தார் என்பதை நாம் எளிதாகக் கருதிவிடலாகாது.

இவ்வேலையில் ஆபத்தும் இருந்தது. 1781ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மூன்றடி அகலமுள்ள பெரிய ஆடியொன்றை வீட்டின் அடித்தளத்தில் வார்க்க முயன்றனர். உருகிய உலோகம் கசிந்து கல்தளத்தில் ஓடவே, கற்கள் வெடித்துக் கூரைவரை தெறித்தன. தமையனாரும் அவர் சகோதரரும் வேலையாட்களும் உயிர் தப்ப வெளியே ஓடினர்.

மார்ச் 13ஆம் தேதி இரவு

அந்த விபத்துக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே, சிறிய கருவியொன்று அவருக்குப் பெரும் பேற்றைத் தந்திருந்தது. 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மேல், பாத் நகரில் தமது வீட்டுத் தோட்டத்தில், ஏழடி நீளமுள்ள தொலைநோக்கியைக் கொண்டு நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். மிதுன ராசியின் ஓரத்தில் ஒரு புள்ளி மற்றவற்றைப்போல் இல்லாது சற்றுப் பெரிதாகத் தெரிந்தது. உருப்பெருக்கம் அதிகமான கண்ணாடியை மாற்றிப் பார்த்தார். நட்சத்திரங்கள் அளவற்ற தொலைவில் இருப்பவை; எவ்வளவு பெருக்கினாலும் அவை புள்ளியாகவே நிற்கும். இதுவோ பெருக்கப் பெருக்க வட்டத் தட்டுப்போல் பெரிதாயிற்று. நான்கு நாட்கள் கழித்துப் பார்த்தபோது இடமும் பெயர்ந்திருந்தது.

அதை வால்நட்சத்திரம் என்றே கருதி அறிஞர் சபைக்கு எழுதினார். ஆனால் வாலைக் காணோம். ரஷ்யாவிலிருந்த லெக்ஸல் என்ற கணித அறிஞர் அதன் பாதையைக் கணக்கிட்டபோது, அது சனிக்கு அப்பால் ஏறக்குறைய வட்டமான வழியில் சூரியனைச் சுற்றும் கிரகம் என்று புலனாயிற்று. அதன் தொலைவு சுமார் 178 கோடி மைல். சனியின் தொலைவைப் போல் இரு மடங்கு! ஒரே இரவில் கண்ட ஒரு புள்ளியால் சூரிய மண்டலத்தின் எல்லை இரட்டிப்பாகிவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் புள்ளியை முதலில் பார்த்தவர் ஹெர்ஷல் அல்லர். 1690லேயே பிளாம்ஸ்டீட் என்ற இங்கிலாந்தின் அரசாங்க வான அறிஞர் அதைக் கண்டு, நட்சத்திரம் என்று பட்டியலில் எழுதிவிட்டார். பின்னர் வேறு சிலரும் பார்த்து அவ்வாறே விட்டுவிட்டனர். எல்லார் கண்ணிலும் பட்ட சரக்கின் தரத்தைக் கையிலெடுத்துச் சோதித்தவர் ஒருவரே. அவர் கருவி அத்தனை உயர்ந்தது. மறு ஆண்டு அதைக் கிரீனிச் வான ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுசென்று, அங்கிருந்தவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, சங்கீத வாத்தியார் வீட்டில் செய்ததே மேலானது என்று தெரிந்தது.

மன்னரும் பெயரும்

புதிய கிரகத்துக்கு ஹெர்ஷல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைச் சூட்டினார். மன்னரும் மகிழ்ந்து ஆண்டுக்கு 200 பவுன் மானியம் அளித்தார். அது சங்கீதத்தில் அவர் ஈட்டிய வருமானத்தை விடக் குறைவு. எனினும், இரவும் பகலும் வானத்துக்கே உரியவராகலாம் என்று அதை ஏற்று, பாத் நகரை விட்டு மன்னரின் மாளிகை இருந்த வின்ட்ஸர் அருகே குடியேறினார். குறைந்த வருவாயை ஈடுகட்டத் தொலைநோக்கிகளைச் செய்து விற்றார். ஸ்பெயின் மன்னருக்குச் செய்து கொடுத்த ஒன்றின் விலை மட்டும் 3,150 பவுன்.

பிற நாட்டார் தங்கள் கிரகப் பட்டியலில் இங்கிலாந்து மன்னரின் பெயர் இருப்பதை விரும்பவில்லை. ஜெர்மானியரான போடே என்பவர் சொன்ன யுரேனஸ் என்ற பெயரே மெல்ல மெல்லப் பரவி, 1850 வாக்கில் இங்கிலாந்திலும் நிலைபெற்றது. மன்னரின் பெயர் பினாங்குத் தெருக்களோடு நின்றுகொண்டது.

பேரேட்டில் இரு கைகள்

புதிய வீட்டில் வேலைமுறை இவ்வாறு அமைந்தது. தமையனார் இருட்டில் தொலைநோக்கியின் முன் நின்று கண்டதைக் கூவிச் சொல்வார். தங்கை ஜன்னலருகே கடிகாரத்தையும் விளக்கையும் வைத்துக்கொண்டு அந்தந்த நேரத்தோடு எழுதிக்கொள்வார். மறுநாள் அதைத் திருத்தமாகப் பிரதியெடுத்து, கணக்கிட்டு, வரிசைப்படுத்துவார். நாட்சிட்டையிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றுவது எப்படியோ அப்படியே அந்த வேலை. இங்ஙனம் அவர்கள் பட்டியலிட்ட ஒளிமேகங்களும் நட்சத்திரக் கூட்டங்களும் 2,500.

1783ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு, பனியில் ஓடியபோது கரோலின் வழுக்கி விழுந்தார். கருவியிலிருந்த இரும்புக் கொக்கி அவர் தொடையில் பாய்ந்தது. தூக்கி எடுத்தபோது சதைத் துண்டு கொக்கியிலேயே தங்கிவிட்டது. அந்த இரவு மேலும் மேகமூட்டமாகவே இருந்ததால் தமையனாருக்கு வேலை நட்டமில்லை என்பதே அவருக்கு ஆறுதலாயிற்று. அவர் தாமும் தனியே வானத்தைத் துழாவி எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். முதலாவதைக் கண்டது 1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி. பத்து நாட்கள் சென்றபின் பினாங்கில் கொடியேறியது. மறு ஆண்டு முதல் மன்னர் அவருக்கும் ஆண்டுக்கு 50 பவுன் சம்பளம் அளித்தார். அறிவியல் வேலைக்காக இங்கிலாந்தில் சம்பளம் பெற்ற முதல் பெண் அவரே.

1788இல் வில்லியம் மேரி பிட் என்ற விதவையை மணந்தார். பதினாறு ஆண்டுகள் வீட்டை நடத்திய கரோலின் சாவியை ஒப்படைத்துவிட்டு வாடகை அறைக்குச் சென்றார். அதன்பின் வந்த ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பைப் பிற்காலத்தில் அவரே அழித்துவிட்டார். மனம் எவ்வளவு நொந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனால், இரவு வேலைக்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. காலப்போக்கில் அண்ணியாரோடும் அன்பு வளர்ந்தது.

புதிய சந்திரன்கள்

1787ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் தேதி, யுரேனஸைச் சுற்றும் இரண்டு சந்திரன்களை ஹெர்ஷல் கண்டார். அவற்றுக்கு டைட்டானியா, ஓபரான் என்பன பின்னாளில் இட்ட பெயர்கள். மற்றக் கிரகங்களின் சந்திரன்களைப் போலன்றி, இவை ஏறக்குறைய செங்குத்தான வழியில் சுற்றின. காரணம், யுரேனஸ் பம்பரம்போல் நிமிர்ந்து சுழலாமல், சாய்த்து உருட்டிய பீப்பாய்போல் பக்கவாட்டில் சுழல்கிறது.

மன்னர் அளித்த 4,000 பவுனைக் கொண்டு, நாற்பது அடி நீளமும் நாலடி அகல ஆடியும் உள்ள பெருந் தொலைநோக்கி ஒன்றைச் செய்தார். 1789இல் அதன்மூலம் சனிக்கு மேலும் இரு சந்திரன்கள் உண்டெனத் தெளிந்தார். அவை என்சலடஸ், மைமாஸ். பத்தாக இருந்த சந்திரன்களின் கணக்கு இவ்வாறு பதினான்காயிற்று. ஆயினும், அந்தப் பெருங்கருவி சீக்கிரம் மங்கியது, திருப்பவும் கடினம். அவர் பெரும்பாலான வேலையை இருபது அடிக் கருவியிலேயே செய்தார். முதலைப் பெருக்கினால் மட்டும் லாபம் பெருகிவிடாது என்பது நாம் கடையில் கற்ற பாடம். அவர் தோட்டத்தில் கற்றார்.

அவர் கணக்கில் பிழைகளும் உண்டு. யுரேனஸுக்கு மேலும் நான்கு சந்திரன்கள் இருப்பதாக 1798இல் வெளியிட்டார். 1851இல் லாஸெல் என்பவர் உண்மையான இரண்டைக் கண்டபோது, அந்த நான்கும் இல்லாதவை என்று தள்ளுபடியாயின. சூரியனில் உயிர்கள் வசிக்கலாம் என்றும் அவர் நம்பினார், அதுவும் தவறு. செவ்வாயின் ஒரு சுழற்சி 24 மணி 39 நிமிடம் என்று கணித்ததோ, இன்றைய அளவுக்கு இரண்டே நிமிடம் மிகை. எதை எந்நாள் எந்நேரம் கண்டார் என்பது குறிப்பேட்டில் இருந்தபடியால், பின்வந்தோர் சரியானதைச் சரியென்றும் பிழையானதைப் பிழையென்றும் பிரிக்க முடிந்தது. கணக்கை மறைக்காமல் எழுதி வைத்தவரின் பிழை அவரோடு ஒழிகிறது. அவர் ஈட்டிய உண்மை எஞ்சுகிறது.

ஐந்தொகை

1822ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி, ஸ்லௌ என்னும் ஊரில் வில்லியம் ஹெர்ஷல் காலமானார். வயது எண்பத்து மூன்று கடந்து ஒன்பது மாதம். யுரேனஸ் சூரியனை ஒரு முறை சுற்ற ஆகும் காலம் எண்பத்து நான்கு ஆண்டுகள். தாம் கண்ட உலகத்தின் கணக்கில் அவர் ஓராண்டுகூட நிரம்ப வாழவில்லை.

கரோலின் ஹானோவருக்குத் திரும்பி, தமையனாரின் பட்டியலை அவர் மகன் ஜானுக்குப் பயன்படும்படி புதிதாக வரிசைப்படுத்தி அனுப்பினார். அதற்காக 1828இல் லண்டன் வான அறிஞர் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது. 1848இல், தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார்.

அவர்கள் தொடங்கிய கணக்கு இன்னும் முடியவில்லை. 1977இல் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டெனக் கண்டனர். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 என்னும் விண்கலம் அதை நெருங்கிக் கடந்து, பத்துப் புதிய சந்திரன்களைக் காட்டிற்று. மைமாஸின்மேல் உள்ள பெருங்குழிக்கு ஹெர்ஷலின் பெயரே வைக்கப்பட்டுள்ளது. சுமார் 310 மைல் குறுக்களவே உள்ள என்சலடஸின் தென் துருவத்திலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டது. அதன் பனி மேலோட்டின் கீழே கடல் இருக்கிறது. ஹெர்ஷல் காலத்தில் ஏழாக இருந்த சனியின் சந்திரன்கள் 2025ஆம் ஆண்டுக் கணக்கில் 274.

1781இல் அவர் கண்ட இடத்துக்கு யுரேனஸ் 1865இல் ஒரு முறையும், 1949இல் ஒரு முறையும் திரும்பி வந்தது. 2033இல் மூன்றாம் முறையாக அங்கே வரும். கடையடைத்து, அன்றைய சிட்டையை முடித்துவிட்டு வீடு திரும்பும் நம் பிள்ளைகளில் எவரேனும் அவ்வாண்டு மிதுன ராசியின் ஓரத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பாராயின், மங்கிய பசுநீலத் தட்டு ஒன்றைக் காண்பார். அதன் பக்கத்தில் கண்ட நேரத்தையும் தேதியையும் ஒருவர் எழுதிக்கொள்ள மறவாதிருப்பாராக. இந்த வியாபாரத்துக்கு அன்றும் இருவர் வேண்டியிருந்தனர்.